நாம்பனில் கொழுப்பு எங்கே, எப்போது பிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மாடு வளர்ப்பு என்றால் பால்தான் முதலில் பேச்சுக்கு வரும். ஆனால் பால்மாட்டுக்குப் பிறக்கிற கன்றுகளில் பாதி நாம்பன், அதாவது ஆண். அந்த நாம்பன்களை வளர்க்கிறவர்களும், தீவுப்பகுதியில் பட்டி வைத்திருக்கிறவர்களும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு பார்க்கிறவர்களும், உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். மேலிருந்து கீழாக வாசித்தால் நல்லது. பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

கொழுப்பு எண்டுறது தசை மாதிரி உயிருள்ள ஒண்டோ, இல்லாட்டி சும்மா சேர்ந்து கிடக்கிற நெய்யோ?

உயிருள்ள இழையம்தான். கடையில் வெட்டி வைத்த கொழுப்புக் கட்டியைப் பார்த்தால் வெறும் நெய் என்றுதான் நினைப்போம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அது முழுக்கக் கலங்கள். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரேயொரு பெரிய எண்ணெய்த்துளி இருக்கும். துளி பெருக்கப் பெருக்க, கலத்தின் கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுச் கலமென்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். கலங்களைச் சுற்றி மெல்லிய குருதிக்குழாய்களும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற தொடுப்பிழையமும் இருக்கும்.

தீன் மிஞ்சுகிற நாளில் சேமித்து, குறைகிற நாளில் எடுத்துக்கொடுப்பது இந்த இழையத்தின் வேலை. அதோடு லெப்ரின் என்ற ஓமோனைச் சுரந்து, உடம்பில் இருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிப்பதும் இதுதான்.

பிறந்த கன்றுக்கும் கொழுப்பு இருக்குமோ?

கொஞ்சம் இருக்கும், பெரும்பாலும் சிறுநீரகத்தைச் சுற்றி. ஆனால் அது நாங்கள் கடையில் பார்க்கிற வெள்ளைக் கொழுப்பு இல்லை, பழுப்புக் கொழுப்பு. சேமிக்கிறதற்கல்ல, எரித்துச் சூடு தருவதற்கு உள்ளது. மார்கழி மழையில் நனைந்த தரையில் பிறந்து விழுகிற கன்று, முதல் மணித்தியாலங்களில் உடம்புச் சூட்டைக் காப்பாற்றுவதற்கு இது பெரிய துணை. கடும்புப்பாலை, அதாவது கன்று போட்டதும் சுரக்கிற முதல் பாலை, வேளைக்கே குடிக்க விட வேண்டும் என்று சொல்வதற்கு நோய் எதிர்ப்பு ஒரு காரணம், இந்தச் சூட்டுக்கு எரிபொருள் கொடுப்பது இன்னொரு காரணம். அடுத்த சில கிழமைகளில் அந்தப் பழுப்புக் கொழுப்பின் இடத்தை வெள்ளைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும்.

மாடு கொழுக்கேக்கை கொழுப்புக் கலங்களின்ரை எண்ணிக்கை கூடுதோ, இருக்கிற கலம்தான் பெருக்குதோ?

இரண்டும் நடக்கிறது, ஆனால் ஒரே காலத்தில் ஒரே அளவில் இல்லை. முதலில் எண்ணிக்கை. தாயின் வயிற்றிலேயே, தசையாகவும் நாராகவும் கொழுப்பாகவும் மாறக்கூடிய பொதுவான மூலக்கலங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பங்கு கொழுப்பின் பக்கம் திரும்பி, முதிராத கொழுப்புக் கலமாகி, பிறகு எண்ணெயைச் சேர்க்கத் தொடங்கும். சினைமாடு கடைசி மாதங்களில் நல்ல தீன் இல்லாமல் கிடந்தால், பிறக்கப்போகிற கன்றின் தசையும் குறையும், பின்னால் கொழுப்பு பிடிக்க வேண்டிய கலங்களும் குறையும்.

வயது ஏற ஏறப் புதுக்கலம் உருவாவது குறைந்து, இருக்கிற கலங்கள் பெருப்பதே முதன்மை ஆகிவிடும். இது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. வயிற்றுக்குள் உள்ள கொழுப்பில் கலம் உருவாவது வேளைக்கே ஓய்ந்துவிடும். தசைக்குள் உள்ள கொழுப்பில்தான் அது அதிக காலம் நீடிக்கும். கொழுக்க வைக்கிறவருக்கு இதுதான் முக்கியம்.

எந்த இடத்திலை முதல் கொழுப்புப் பிடிக்கும்?

வெளியே தெரியாத இடத்தில். முதலில் சிறுநீரகத்தைச் சுற்றியும் குடல் சவ்விலும். அடுத்து ஒரு தசைக்கும் மற்றத் தசைக்கும் இடையில். அப்புறம் தோலுக்குக் கீழே. கடைசியாகத்தான் தசைக்குள்ளே. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் என்று எடுக்கக் கூடாது. நான்கும் ஓரளவு சேர்ந்தே நடக்கும். ஒவ்வொன்றும் வேகமெடுக்கிற காலம்தான் வேறு.

இது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாம்பன் விலா தெரிய நிற்கிறது, இன்னும் கொழுக்கவில்லை என்று தீனைக் கூட்டுவார்கள். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகத்தைச் சுற்றிக் கை நிறையக் கொழுப்பு இருக்கும். பால் இனக் கலப்பு நாம்பன்களில் இது இன்னும் கூட: பிரீசியன், ஜேர்சி இரத்தம் உள்ள மாடு தோலுக்குக் கீழே குறைத்து, வயிற்றுக்குள் கூட்டிச் சேர்க்கிற குணம் உடையது.

சில துண்டிலை தசைக்குள்ளையே வெள்ளை நூல் மாதிரி ஓடுதே, அதை வர வைக்கிறதெப்படி?

முதுகுப்பக்க நெடுந்தசையைக் குறுக்கே வெட்டிய ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தசைநார்க் கட்டுகளுக்கு இடையில், சின்னக் குருதிக்குழாய்கள் போகிற வழியை ஒட்டியே அந்த வெள்ளைப் புள்ளிகளும் நூல்களும் இருக்கும். சமைக்கும்போது இறைச்சி மென்மையாகவும் சாறு விட்டும் வருவதற்கு அந்தக் கொழுப்பு உதவுகிறது. அமெரிக்காவில் 12ஆம், 13ஆம் விலாவுக்கு இடையிலும், ஜப்பானில் 6ஆம், 7ஆம் விலாவுக்கு இடையிலும் வெட்டி, இதைப் பார்த்துத்தான் இறைச்சிக்குத் தரம் போடுகிறார்கள்.

வர வைப்பதற்கு மூன்று வேண்டும்: இனம், காலம், தொடர்ந்து மிஞ்சுகிற சக்தி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் ஈடு செய்வது கஷ்டம். இதில் காலத்தைத்தான் எங்கள் ஆட்கள் கவனிப்பதில்லை. தசைக்குள் கொழுப்புக் கலங்கள் புதிதாக உருவாகிற நல்ல பருவம் ஏறக்குறைய எட்டு மாத வயது வரை. அந்த வயதில் கன்றைப் பால் மறக்கடித்து வெறும் வைக்கலில் கட்டிவிட்டு, இரண்டு வயதில் தவிட்டு மூட்டையோடு வந்தால், நிரப்புவதற்குத் தசைக்குள் கலங்கள் போதாது. போட்ட தீன் வயிற்றுக்குள்ளும் தோலுக்குக் கீழும் போய்ச் சேரும்.

தவிடும் பிண்ணாக்கும் குடுத்தால் அந்த எண்ணெய்தான் நேரை கொழுப்பாய்ப் படியுதோ?

பெரும்பகுதி அப்படி இல்லை. மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் தீனை நொதிக்க வைத்து அசற்றிக்கமிலம், புரோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் என்று ஆவிப்பறப்புள்ள கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குச் சக்தி பெரும்பாலும் இவற்றிலிருந்துதான். அசற்றிக்கமிலம் நேராகக் கொழுப்பிழையத்துக்குப் போய் அங்கே கொழுப்பாகும். புரோப்பியோனிக்கமிலம் ஈரலுக்குப் போய்க் குளுக்கோசு ஆகும். எங்கள் உடம்பில் புதிதாகக் கொழுப்பைச் செய்கிற முக்கிய இடம் ஈரல். மாட்டில் அந்த வேலையைக் கொழுப்பிழையமே செய்துகொள்கிறது.

எண்ணெய் நல்லது என்று அள்ளிக் கொடுக்கவும் கூடாது. தீனின் உலர்நிறையில் மொத்த எண்ணெய் ஏறக்குறைய 6 சதவீதத்தைத் தாண்டினால், நாரை உடைக்கிற நுண்ணங்கிகள் ஒடுங்கிவிடும், மாடு தின்பதும் குறையும். அரிசித் தவிட்டில் எண்ணெய் கூட என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். நாள்பட்டுக் காறல் மணம் வந்த தவிட்டைத் தொடவே வேண்டாம்.

அப்ப வைக்கலும் குழையும் மட்டும் குடுத்துக் கொழுக்க வைக்கேலாதோ?

நாம்பன் வளரும், கொழுக்கக் காலம் எடுக்கும். நார்த்தீனில் அசற்றிக்கமிலம் கூடும், மாப்பொருள் தீனில் புரோப்பியோனிக்கமிலத்தின் பங்கு கூடும். 1984இல் வெளியான ஒரு பெயர்பெற்ற ஆய்வு, தோலுக்குக் கீழ்க் கொழுப்பு பெரும்பாலும் அசற்றிக்கமிலத்திலிருந்தும், தசைக்குள் கொழுப்பு கூடுதலாகக் குளுக்கோசிலிருந்தும் உருவாகிறது என்று காட்டியது. பின்வந்த சில ஆய்வுகள் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை என்கின்றன. எப்படியானாலும், வெறும் வைக்கலில் சக்தியும் புரதமும் போதாது என்பதில் இரண்டாம் பேச்சில்லை.

வைக்கலை யூரியாவில் பதப்படுத்தினால் நல்ல முன்னேற்றம் வரும். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீட்டர் வரை தண்ணீரில் முழுதாகக் கரைத்து, படை படையாகத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி இரண்டு, மூன்று கிழமை விட வேண்டும். திறந்து மணம் போக ஆற விட்டுக் கொடுக்கலாம். கரையாத யூரியாவோ, யூரியாத் தண்ணீரோ மாட்டின் வாய்க்குப் போனால் செத்துப்போகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கும் இந்த வைக்கல் வேண்டாம். இதோடு வேலியில் நிற்கிற சீமைக்கிளுவைக் குழையைச் சேர்த்தால் புரதக் குறை ஓரளவு தீரும். எங்கள் வேலிகள் மதிலாக மாறிக்கொண்டு போகிறதில் எனக்குள்ள பெரிய கவலை இதுதான்: காசு கொடுக்காமல் கிடைத்த புரதம் போகிறது.

கலியாண வீட்டிலை மிஞ்சின சோறு வாளி வாளியாய்க் கிடக்கு. குடுத்தால் கெதியாய்க் கொழுக்கும்தானே?

தயவுசெய்து வேண்டாம். சோறும் மாப்பொருள்தான். ஆனால் மாப்பொருள் தீன் பற்றி மேலே சொன்னது, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கூட்டுகிற மாப்பொருளைத்தான். பழக்கமில்லாத மாடு ஒரேயடியாகச் சோறு தின்றால் இரைப்பையில் இலற்றிக்கமிலம் பெருகும். சாதாரணமாக 6க்கும் 7க்கும் இடையில் நிற்கிற பிஎச் (குறையக் குறையப் புளிப்புக் கூடுகிற அளவு) 5.5க்குக் கீழே விழும். மாடு தின்னாமல் நிற்கும், வயிறு உப்பும், கழியும், பிறகு படுத்துவிடும். அந்த நிலையில் மணித்தியாலக் கணக்கில் உயிர் போகலாம்; உடனே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

மாட்டுக் கொழுப்பு மஞ்சளாயும் ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாயும் இருக்கிறது ஏன்? மஞ்சள் எண்டால் பழசோ?

பழசு இல்லை. அந்த மஞ்சள், கரற்றீன் என்ற நிறப்பொருள். பச்சைப் புல்லிலும் குழையிலும் பனங்களியிலும் இருக்கிற கரற்றீனில் ஒரு பகுதியை மாடு அப்படியே உறிஞ்சிக் கொழுப்பில் வைத்துக்கொள்ளும். ஆடும் எருமையும் அதை விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அவற்றின் கொழுப்பு வெள்ளை. பசுநெய் மஞ்சளாகவும் எருமைநெய் வெள்ளையாகவும் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே மஞ்சள் கொழுப்பு, மாடு பச்சைத்தீன் தின்று வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது. வயது கூடிய மாட்டிலும், ஜேர்சிக் கலப்பிலும் மஞ்சள் இன்னும் கூடும். வைக்கலும் தானியமும் தின்ற மாட்டில் வெளிறிவிடும். பழுதானதா என்று பார்க்க நிறத்தை விட மணத்தையும் பிசுபிசுப்பையும் நம்புங்கள்.

ஜப்பானிலை விற்றமின் ஏயைக் குறைச்சுத்தான் கொழுப்பு வர வைக்கினமாம், உண்மையோ?

உண்மை, ஆனால் முழுக்கதை வேறு. கொழுக்க வைக்கிற நடுப்பருவத்தில் விற்றமின் ஏ குறைந்தால் முதிராத கொழுப்புக் கலங்கள் முதிர்ந்து எண்ணெய் சேர்ப்பது கூடும். அதனால் வாகியூ என்ற ஜப்பானிய இறைச்சி இன மாடுகளுக்கு அந்தப் பருவத்தில் கரற்றீன் குறைந்த தீன் கொடுக்கிறார்கள். எல்லை மீறினால் மாட்டுக்குக் கண் தெரியாமல் போகும், கால்மூட்டு வீங்கும். அங்கே இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துத்தான் செய்கிறார்கள்.

பிறந்த கன்றில் விளைவு தலைகீழ். அந்த வயதில் விற்றமின் ஏ கொடுத்தபோது பின்னாளில் தசைக்குள் கொழுப்பாகக்கூடிய மூலக்கலங்கள் கூடியதாக ஆய்வுகள் உண்டு. ஒரே பொருள், கலம் உருவாகிற வயதில் ஒரு வேலை, கலம் நிரம்புகிற வயதில் இன்னொரு வேலை. எங்கள் ஊரில் இதை வைத்து விற்றமினைக் குறைக்க நினைக்க வேண்டாம். கோடை முழுக்கக் காய்ந்த வைக்கல் தின்கிற மாட்டுக்கு அது ஏற்கெனவே தட்டுப்பாடு.

காயடிச்சால் கூடக் கொழுக்குமோ?

கொழுக்கும். ஆண் ஓமோன் மூலக்கலங்களைத் தசைப்பக்கம் இழுத்து, கொழுப்புப் பக்கம் போவதைத் தடுக்கிறது. நலமடித்த (காயடித்த) எருதில் தசைக்குள்ளும் வெளியிலும் கொழுப்பு கூடும், தசை வளர்ச்சி கொஞ்சம் குறையும். கன்று போடாத நாகு எருதை விடவும் வேளைக்கே கொழுக்கும். கொழுப்புக் குறைந்த இறைச்சியைக் கேட்கிற சந்தைக்கு, இரண்டு வயதுக்குள் விற்கப்போகிற நாம்பனைக் காயடிக்காமல் விடுவதே லாபம் என்பது என் எண்ணம், கட்டி வளர்க்க இடமும் ஆளும் இருந்தால்.

நல்ல தீன் குடுத்தால் எங்கடை நாட்டு மாடும் வாகியூ மாதிரி வராதோ?

வராது. வாகியூவில் நெடுந்தசையின் நிறையில் 30 சதவீதத்துக்கு மேலும் கொழுப்பாக இருக்கலாம். அது பல தலைமுறைத் தெரிவின் விளைவு, 28 முதல் 30 மாத வயது வரை தீன் போட்டு எடுப்பது. அங்கஸ் வேளைக்கே கொழுக்கிற இனம். சரோலே பிந்திக் கொழுக்கிற இனம். திமில் உள்ள எங்கள் நாட்டு மாடும் சாகிவால், சிந்திக் கலப்புகளும் தசைக்குள் குறைவாகவே சேர்க்கும்.

அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. சித்திரை வெயிலைத் தாங்கி, உண்ணியைத் தாங்கி, காய்ந்த புல்லில் உயிர் பிடித்து நிற்கிற உடம்பு அது. பலர் திமிலை முழுக் கொழுப்பு என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் தசை, இடையிடையே கொழுப்பு.

சிறுநீரகக் கொழுப்பு கல்லு மாதிரி, நெஞ்சுப்பக்கக் கொழுப்பு மெதுவாய் இருக்கு. ஒரே மாடுதானே?

தீனில் உள்ள எண்ணெய் திரவமாக இருந்தாலும் இரைப்பை நுண்ணங்கிகள் அதற்கு ஐதரசனை ஏற்றி நிரம்பிய கொழுப்பமிலமாக்கிவிடும். அதில் முக்கியமானது ஸ்ரியரிக்கமிலம். கொழுப்பிழையத்தில் உள்ள ஒரு நொதியம் அதில் ஒரு பங்கைத் திரும்பவும் மென்மையான ஒலெயிக்கமிலமாக மாற்றும். உள்ளுக்குள், சிறுநீரகத்தைச் சுற்றி, இந்த மாற்றம் குறைவு. அந்தக் கொழுப்பு உருக 45 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். நெஞ்சுப்பக்கத்தில் மாற்றம் கூட. வாகியூக் கொழுப்பு வாயில் கரைவதற்கும் இந்த ஒலெயிக்கமிலம்தான் காரணம்.

உயிரோடை நிக்கிற மாட்டிலை கொழுப்பை எப்பிடி அறியிறது?

கண்ணை விடக் கை நல்லது. மாட்டின் இடப்பக்கம் நின்று, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற எலும்பு நுனிகளில் பெருவிரலை வைத்து அழுத்துங்கள். நுனி ஒவ்வொன்றும் கூராகத் தனித்தனியே தட்டுப்பட்டால் மெலிவு. அழுத்தினால்தான் தெரிகிறது, நுனி உருண்டையாக இருக்கிறது என்றால் நடுத்தரம். எவ்வளவு அழுத்தினாலும் எலும்பு பிடிபடாவிட்டால் மாடு மிஞ்சிக் கொழுத்துவிட்டது. அப்புறம் வாலடியைப் பாருங்கள். இரண்டு பக்கக் குழியும் நிரம்பி மெத்தென்று இருந்தால் தோலுக்குக் கீழ்க் கொழுப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன வரிசைப்படி, அதற்கு முன்னமே வயிற்றுக்குள் நிறைந்திருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூண்டு மாசம் கிடக்கு. கோடையிலை மெலிஞ்ச நாம்பனை வாங்கிக் கொழுக்க வைக்கலாமோ?

நல்ல யோசனை, மாடு நோயால் மெலியாமல் தீன் இல்லாமல் மெலிந்திருந்தால். பட்டினியில் கொழுப்புக் கலங்கள் சுருங்குகின்றனவே தவிர அழிந்துபோவதில்லை. மாரியில் புல் வந்ததும் தீவுப்பகுதி மாடுகள் திடீரென்று உடம்பு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விட்ட வளர்ச்சியை உடம்பு வேகமாக எட்டிப் பிடிக்கும். முதல் கிழமைகளில் ஏறுகிற நிறையில் நிறைந்த வயிறும் தசையும்தான் கூட, கொழுப்பு பிறகுதான். குர்பானுக்கு (பெருநாள் பலிக்கு) மாடு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் அந்த வயது நாம்பன் இதற்குப் பொருத்தம். முதலில் குடற்புழு மருந்து கொடுத்து, தவிடு, பிண்ணாக்கு போன்ற செறிவுத் தீனை இரண்டு கிழமையில் படிப்படியாகக் கூட்டுங்கள். சோறு பற்றிச் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

கடைசி மாசங்களிலை அதே தீன்தான் தின்னுது, ஆனால் நிறை ஏறுதில்லை. தீனிலை பிழையோ?

தீனில் பிழையில்லை, சேர்கிற பொருள் மாறிவிட்டது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பிழையத்தில் தண்ணீர் மிகக் குறைவு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரிக்கு மேல் சக்தி அடைந்திருக்கிறது. அதனால் ஒரு கிலோ கொழுப்புச் சேர்க்க, ஒரு கிலோ தசை சேர்ப்பதை விடப் பல மடங்கு தீன் போகும். நாளாந்த நிறையேற்றம் விழத் தொடங்கி, வாலடியும் நிரம்பிவிட்டால் விற்கிற நேரம் வந்துவிட்டது. எங்கள் சந்தையில் தசைக்குள் கொழுப்புக்கென்று தனி விலை இல்லை. அதற்குப் பிறகு போடுகிற ஒவ்வொரு தவிட்டு மூட்டையும் கடைக்காரர் வெட்டி எறிகிற கொழுப்பாகத்தான் முடியும்.

நாங்கள் மாட்டிறைச்சி தொடுறேல்லை, பால்மாடுதான். இதாலை எங்களுக்கென்ன?

பால்மாட்டுக்கு இது இன்னும் அவசியம். கன்று போட்டதும் பாலுக்குத் தேவையான சக்தியைத் தின்கிற தீன் தராது. கொழுப்பிழையம் உருகித்தான் ஈடு செய்யும். சினையில் மாடு மிஞ்சிக் கொழுத்திருந்தால் ஒரேயடியாக உருகி வருகிற கொழுப்பு ஈரலில் போய்ப் படியும். மாடு தின்னாது, பால் விழும், அடுத்த சினை பிந்தும். 1 (மிக மெலிவு) முதல் 5 (மிஞ்சிய கொழுப்பு) வரையான உடல்நிலைப் புள்ளியில் கன்று போடும்போது 3க்கும் 3.5க்கும் இடையில் நின்றால் நல்லது. பெருவிரல் முறை இதற்கும் அதேதான். பால் வற்றின மாடு தானே என்று பிண்ணாக்கை அள்ளிக் கொடுப்பதும், ஒன்றுமே கொடுக்காமல் விடுவதும் இரண்டும் கெடுதல்.

ஆட்டுக் கிடாய்க்கும் இதே கணக்கோ?

வரிசை அதேதான், பங்குதான் வேறு. ஆடு தோலுக்குக் கீழும் தசைக்குள்ளும் மிகக் குறைவாகவே சேர்க்கும். கூடுதலானது வயிற்றுக்குள், குடல் சவ்விலும் சிறுநீரகத்தைச் சுற்றியும். கோயில் வேள்வியில் பலி கொடுக்கவென்று மாதக்கணக்கில் குழையும் தவிடும் ஊட்டி வளர்த்த பெரிய கிடாய்களை உரிக்கும்போது குடல் சவ்வு முழுக்க வெள்ளையாக மூடியிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஆட்டில் வாலடியைப் பார்த்துப் பயனில்லை. இடுப்புக்கு மேல் எலும்பு நுனிகளையும், முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்செலும்பின் மேல் உள்ள கொழுப்பையும் கையால் பிடித்துப் பாருங்கள். நெஞ்செலும்புக் கொழுப்பு விரல்களுக்கு இடையில் தடிப்பாகப் பிடிபட்டால், உள்ளே போதுமான அளவுக்கு மேலேயே இருக்கும்.